ஸ்டார்ட் பொத்தான் இருந்த மூலை

எங்கள் தொழிலில் முதல் ஆயுதம் திருப்புளி இல்லை, அழிரப்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிப்பார்களே, அதுவேதான். கம்ப்யூட்டர் எழும்பாமல் நீளநீளமாக ‘பீப்’ என்று கத்தினால் மூடியைக் கழற்றி, ராம் பட்டையைப் பிடுங்கி, அதன் அடிவிளிம்பில் வரிசை கட்டி நிற்கும் மஞ்சள் பற்களை ரப்பரால் நாலு தேய் தேய்த்து, ஊதிவிட்டுத் திரும்பச் சொருகுவோம். பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும். அந்தப் பற்களில் இருப்பது தங்க முலாம். கோலார் தங்கவயலில் பிறந்தவன் தங்கத்தை ரப்பரால் தேய்த்துப் பிழைக்கிறான் என்று அப்பா சிரிப்பார்.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆட்களை ஏற்றிய கூண்டைக் கீழே இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் கையில். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. மணி எத்தனை முறை அடிக்கிறது என்று காது கேட்கும், ஆழம் காட்டும் முள்ளைக் கண் பார்க்கும், லீவரைக் கை பிடிக்கும். கையைப் பார்த்து லீவரைப் பிடிக்கிறவன் டிரைவர் இல்லை என்பார். ஒருமுறை மராமத்துக்கு வந்தவர்கள் அவர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பழைய இடத்துக்கு அது திரும்பும்வரை மனுஷன் வண்டியை எடுக்கவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே நான் மாரிகுப்பம் பாசஞ்சரில் ஏறி, பங்காருபேட்டை, மாலூர் தாண்டி, வைட்ஃபீல்டில் இறங்கி ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

வைட்ஃபீல்ட் என்றதும் வெள்ளை வயல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒயிட் என்பது ஒரு ஆளின் பெயர். மெட்ராஸில் யூரேஷியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்தை நடத்திய டி.எஸ். ஒயிட். மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் 1882இல் அந்தச் சமூகத்தின் மைசூர், குடகு சங்கத்துக்கு 3,900 ஏக்கர் கொடுத்தார், விவசாயம் செய்து குடியிருக்கட்டும் என்று. ஊரை வட்டமாக வகுத்தார்கள். அந்த வட்டம் இன்னர் சர்க்கிள் என்ற பெயரில் இன்னும் இருக்கிறது, நடுவில் மரங்களும் சுற்றிலும் பழைய ஓட்டு வீடுகள் மிச்சம் சிலவுமாக. நான் வந்தபோது அந்தப் பக்கம் தைல மரமும் திராட்சைத் தோட்டமுமாகக் கிடந்தது. இந்தப் பக்கம் இந்தியாவும் சிங்கப்பூரும் கூட்டுச் சேர்ந்து 1994இல் தொடங்கிய தொழில்நுட்பப் பூங்காவான ஐ.டி.பி.எல். கட்டடங்கள் கண்ணாடியாக மின்னின. ஐ.டி.பி.எல்.காரர்களுக்கு எங்கள் கடை தேவைப்படவில்லை. எங்களைத் தேடி வந்தவர்கள் வட்டத்துக்குள் இருந்தவர்கள்.

முதல் வாடிக்கையாளர் ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா. நாங்கள் ஆன்ட்டி என்போம். அறுபது வயதில், கணவர் இறந்த பிறகு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளுக்கு ஈமெயில் அனுப்பக் கம்ப்யூட்டர் கேட்டார். 335ஈ பஸ்ஸைப் பிடித்து, நடுவில் இன்னொன்று மாறி, சதர் பத்ரப்பா ரோடுக்குப் போனேன். எஸ்.பி. ரோடு என்றால்தான் யாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் பாகங்களுக்குச் சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ பெங்களூருக்கு அது. செலரான் 333, 32 எம்.பி. ராம், 4.3 ஜி.பி. ஹார்டு டிஸ்க், 14 அங்குல மானிட்டர். மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். இன்றைக்கு ‘அசெம்பிள்டு’ என்ற சொல்லைக் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பெரும்பாலும் அதுதான். பெட்டியின் பின்பக்கம் கீபோர்டுக்கு ஊதாத் துளை, மவுசுக்குப் பச்சைத் துளை. மாற்றிச் சொருகினால் வேலை செய்யாது, நிறம் பார்த்துச் சொருகினால் தப்பே வராது.

ஆன்ட்டிக்கு மவுஸ் பழக்கியது நானில்லை, சீட்டுக்கட்டு. 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் சாலிடேர் விளையாட்டைச் சேர்த்திருந்தார்கள். எழுதியவர் வெஸ் செர்ரி என்ற பயிற்சி மாணவர். சீட்டுகளை வரைந்தவர் ஆப்பிள் மெக்கின்டாஷுக்குச் சித்திரங்கள் வரைந்த சூசன் கேர். ஒரு பொருளை அமுக்கிப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடும் வித்தையை அது சொல்லாமல் சொல்லிக் கொடுத்தது. ஒரே வாரத்தில் ஆன்ட்டி இஸ்பேடு ராஜாவை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் மகளுக்குக் கடிதம் போனது.

அந்தத் திரையில் இடது கீழ்மூலையில் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு பொத்தான். 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95இன் சரக்கு. அதற்கு முந்தைய பதிப்பை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, போயிங் கம்பெனி விஞ்ஞானி ஒருவரே கடிதம் தட்டும் நிரலை எங்கே திறப்பது என்று தெரியாமல் திணறினாராம். சோதித்த டேனி ஓரன் மனோதத்துவம் படித்தவர். ராக்கெட் அறிந்தவருக்கே தெரியவில்லையென்றால் குற்றம் ஆளிடம் இல்லை என்று முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் வைத்தார்கள். சோதனைக் கட்டத்தில் அந்தப் பொத்தானில் ‘சிஸ்டம்’ என்று எழுதியிருந்தது, யாரும் அமுக்கவில்லை. ‘ஸ்டார்ட்’ என்று மாற்றினார்கள், எல்லோரும் அமுக்கினார்கள். நிறுத்துவதற்கும் ‘தொடங்கு’ என்பதையே அமுக்க வேண்டியிருக்கிறதே என்று ஊரே கேலி பேசியது. கேலி பேசியவர்களுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஏன் மூலை? 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கை ஒரு குறியை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குக் கணக்குப் போட்டார். தூரம் கூடினால் நேரம் கூடும், குறி பெரிதானால் குறையும். இதைத் திரைக்குப் பொருத்தினால் ஒரு வேடிக்கை தெரியும். மவுசை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு திரையின் விளிம்பைத் தாண்டாது, மூலையில் போய் முட்டி நிற்கும். அதனால் மூலை என்பது குறி பார்க்காமலே அடிக்கக்கூடிய இடம். விண்டோஸ் 95 செய்தவர்கள் இதில் ஒரு பிழை விட்டார்கள். மூலையின் கடைசிப் புள்ளிகளை விட்டுப் பொத்தானைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்ததால், நன்றாக முட்டி அமுக்கினால் இயங்காது. பிற்பாடு திருத்தினார்கள். அப்பாவுக்கு நான் இதை விளக்கியபோது, “நாற்காலி” என்று ஒரே வார்த்தை சொன்னார்.

வைட்ஃபீல்ட், வர்த்தூர், கடுகோடி கடைவீதிகளில் எங்களுக்கு வருமானம் தந்தது டேலி. பெங்களூரிலேயே பிறந்த சரக்கு. ஆலைகளுக்கு உதிரிப் பொருள் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்கா தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொல்லி, 1986இல் கம்பெனியாகத் தொடங்கியது. சிமெண்ட் கடை, இரும்புக் கடை, மருந்துக் கடை எங்கே போனாலும் ஒரு கணக்கர், ஒரு கம்ப்யூட்டர், அதில் டேலி. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், கன்ட்ரோல்-ஏ அமுக்கினால் பதிவு முடிந்தது. வர்த்தூர் இரும்புக் கடையில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் கணக்கெழுதினார். ஊரில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். பில்லைப் பார்த்தபடி, என்னோடு பேசியபடி, டீயும் குடித்தபடி நாற்பது பில் ஏற்றுவார். மவுஸ் அவர் மேசையில் தூசி படிந்து கிடக்கும். கழற்றிக் கொண்டுபோய் வேறு யாருக்காவது கொடு என்று என்னிடமே சொன்னவர்.

அப்போதெல்லாம் மேசைக் கம்ப்யூட்டர் மேசையில் இருந்தது, கையில் பிடிப்பது தனி இனமாக இருந்தது. அந்தத் தனி இனத்தையும் இதே பெங்களூர்தான் முன்கூட்டியே செய்து பார்த்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், குச்சியால் தொட்டு இயக்கலாம், இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும். 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்து ‘அமிடா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கையைச் சாய்த்து அசைத்தால் பக்கம் புரளும். ஐபோன் வருவதற்கு மூன்று வருடம் முன்பு! வியாபாரத்தில் ஓடவில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் கைக்கு என்ன தோது, மேசைக்கு என்ன தோது என்று பிரித்து யோசித்தார்கள். மேசையில் இருப்பதை இதுபோல ஆக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

கேட்கத் தொடங்கியது ஐபோன் (2007), ஐபேடு (2010) வந்து கல்லா நிரம்பிய பிறகு. 2011இல் ஆப்பிள் தன் மேசைக் கம்ப்யூட்டருக்கு லயன் பதிப்பைக் கொண்டுவந்தது. உருட்டும் திசையைத் தலைகீழாக்கி, ஓரத்து உருள்பட்டையை ஒளித்து, போனில் இருப்பதுபோல் சித்திரங்களைக் கட்டம் கட்டி அடுக்கியது. அதே வருடம் லினக்ஸ் பக்கம் க்னோம் 3 முகப்பு வந்தது, சன்னலைச் சுருக்கும் பொத்தானையும் பெரிதாக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டு. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு வேறு முகப்புக்கு மாறினார். உபுண்டு என்ற லினக்ஸ் வகை தன் யூனிட்டி முகப்பைக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவாக்கப் பார்த்து, 2017இல் கைவிட்டது. உச்சம் 2012 அக்டோபர் 26. விண்டோஸ் 8இல் அந்த மூலைப் பொத்தானே இல்லை. திறந்ததும் திரை முழுக்க ஓடு பதித்த தரைபோல வண்ணக் கட்டங்கள். நிறுத்த வேண்டுமானால் வலது மூலைக்குப் போய், பக்கவாட்டில் வழுக்கி வரும் பட்டையைப் பிடித்து, அமைப்புகளுக்குள் நுழைந்து, பவரைத் தொட்டு, பிறகுதான் நிறுத்தம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதை முன்னின்று செய்த ஸ்டீவன் சினாஃப்ஸ்கி மைக்ரோசாஃப்டை விட்டுப் போனார். மறு வருடம் 8.1இல் பொத்தான் திரும்பியது. அமுக்கினால் மறுபடி அதே கட்டங்கள். பட்டியல் முறையாகத் திரும்ப 2015 ஜூலை வரை, விண்டோஸ் 10 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இப்படி என்று மாலையில் கீபோர்டு வாங்க வந்த ஒரு பொறியாளரைக் கேட்டேன். நாமக்கல் பக்கத்துப் பையன். ஏதோ ஒரு செயலிக்குத் திரை வடிவம் எழுதும் வேலை. “ஒரே தடவ எழுதி போன்லயும் டேப்லயும் டெஸ்க்டாப்லயும் ஓட்டணும்ணா. மூணு டீமுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டாங்க. மூணுல எதுக்கு ஜனம் ஜாஸ்தியோ அதுக்குத் தோதா செய்வோம்” என்றான். பிறகு தன் வீட்டு மானிட்டரைப் பற்றி அவனே புலம்பினான். 27 அங்குலம், அதில் நாலு வரியும் நாலு பெரிய பொத்தானும்.

அவன் சொல்லாத இன்னொன்றும் உண்டு. போனோடு சேர்ந்து கடையும் வந்தது. 2011 ஜனவரியில் ஆப்பிள் மேசைக் கம்ப்யூட்டருக்கும் செயலிக் கடை திறந்தது. மறு வருடம் விண்டோஸும் திறந்தது. தொடக்கத்தில் இரண்டிலும் விற்பவர் நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய் கடைக்காரருக்குப் போனது. எஸ்.பி. ரோட்டில் இப்படி ஒரு கமிஷன் கேட்டிருந்தால் கல்லெறி விழுந்திருக்கும்.

விரலையும் அம்பையும் ஒன்றாக நினைத்ததுதான் எனக்குப் பிடிபடாதது. விரல் நுனி தடிமன். தொடுதிரையில் பொத்தானை முக்கால், ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்காவது வைத்தால்தான் தப்பாமல் தொடலாம். மவுஸ் அம்பின் நுனியோ ஒரே புள்ளி. நுனியால் எழுதத் தெரிந்தவன் கையில் சுண்ணாம்பு மட்டையைக் கொடுத்த மாதிரி. மேசையில் நிமிர்ந்து நிற்கும் திரையைக் கையை நீட்டித் தொட்டுக்கொண்டே இருந்தால் தோள் கடுக்கும். இதற்குக் ‘கொரில்லா கை’ என்று இத்துறைக்காரர்கள் பல காலம் முன்பே பெயர் வைத்துவிட்டார்கள். தெரியாமல் செய்ததில்லை.

இரும்புக் கடைக் கணக்கர் கதைக்கு வருகிறேன். நாலைந்து வருடம் முன்பு, முதலாளியின் மகன் ஒரு புது பில்லிங் மென்பொருள் வாங்கினார். பெயர் வேண்டாம். பார்க்க அழகு, போனிலும் ஓடும். ஒவ்வொரு பில்லுக்கும் ஒவ்வொரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கீழே வரை உருட்டி ஒரு நீலப் பொத்தான். குறுக்குவிசை ஒன்றுகூட இல்லை. நாற்பது பில் ஏற்றியவர் மாலைக்குள் பன்னிரண்டு ஏற்றினார். எட்டுப் பத்துப் பொருளுக்கு மேல் ஒரே பார்வையில் தெரியாததால் கம்பிக் கட்டு ஒன்றை இரண்டு முறை போட்டுவிட்டார். “தம்பி, இதுல ஒளிஞ்சிருக்கிறத எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கும் தெரியவில்லை. திரையின் ஓரத்தில் மூன்று கோடு, அதைத் தொட்டால் ஒரு பட்டியல், அதற்குள் மூன்று புள்ளி. தூசி தட்டி மவுசைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? முப்பது வருடம் விரலில் இருந்த வித்தையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் இப்போது தேடித்தேடி அமுக்குகிறார்.

என் கடைப் பையன் கிருஷ்ணகிரிக்காரன். இதை ஒத்துக்கொள்ள மாட்டான். “நீங்க பழகினதுனால சொல்றீங்கண்ணா. எனக்கு ஃபோல்டர்தான் குழப்பம். ஃபைல் எதுக்கு ஒரு எடத்துல இருக்கணும்? தேடினா வருது இல்ல?” என்பான். வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் படங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டதற்கு “எந்த ஆப்ல இருக்கு?” என்று திருப்பிக் கேட்டவன். போன் அவனுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறது. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். சாம்பியன் ரீஃப் வீட்டில் உட்கார்ந்துகொண்டு போனிடம் தமிழில் பேசிப் பழைய பாட்டைத் தேடிக் கேட்கிறார். எந்த டெஸ்க்டாப்பும் அவருக்கு அதைச் செய்து கொடுத்ததில்லை. போன் போனாக இருப்பதில் எனக்கு வழக்கே கிடையாது.

தமிழ் தட்டுவதும் இப்படித்தான் கைமாறியது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் பேசி, அதே வருடம் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். பழகினால் பார்க்காமல் தட்டலாம். இன்று கடைக்கு வருகிற பிள்ளைகள் கம்ப்யூட்டரிலும் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ அடித்து, கீழே வரும் பரிந்துரைகளில் ஒன்றைப் பொறுக்குகிறார்கள். பொறுக்குவதற்குத் திரையைப் பார்த்தே ஆக வேண்டும்.

ரப்பருக்கும் வேலை போய்விட்டது. இப்போது வருகிற மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் பட்டையே இல்லை, போனில் போலப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். பேட்டரியும் ஒட்டு. மூடியைத் திறக்கவே தனித் திருகு, தனிக் கருவி. பழைய பெட்டியில் பவர் சுவிட்ச் நிஜ சுவிட்ச். விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு, இப்போது நிறுத்தினால் ஆபத்தில்லை என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் அனுமதி கொடுக்கும், நாம் ‘டக்’ என்று அமுக்குவோம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஷட்டரை இறக்குவோம். இப்போதைய இயந்திரம் நிற்கிறதா, தூங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இல் பொத்தான் இருக்கிறது, நடுவில். பக்கத்தில் இன்னொரு நிரலைத் திறந்தால் வரிசை நகரும், பொத்தானும் நகரும். இடது பக்கம் தள்ளிக்கொள்ள ஒரு வசதி அமைப்புகளுக்குள் உண்டு. கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு இயந்திரத்திலும் நான் அதைச் செய்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். யாரும் கேட்பதில்லை, யாரும் கவனிப்பதுமில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பாதுகாப்புச் சில்லு, செயலி வயது என்று 11 கேட்கும் தகுதி பல பழைய இயந்திரங்களுக்கு இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரங்கள்! அந்த மாதம் முழுக்கக் கடையில் கூட்டம். எனக்கு நல்ல வியாபாரம் என்பதையும் மறைப்பானேன். புதிது வாங்க மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். க்னோம் 3 பிடிக்காமல் போனவர்களுக்காக வளர்ந்த சின்னமன் முகப்பு அதில் வரும். இடது கீழ்மூலையில் பட்டியல் பொத்தான், நகராது.

கடைசியாக இன்னர் சர்க்கிளுக்குப் போனேன். ஆன்ட்டிக்கு எண்பத்தாறு. வட்டத்துக்கு வெளியே மெட்ரோ ஓடுகிறது, வட்டத்துக்குள் அவர் வீடு அப்படியே. நடுவில் மூன்று முறை பெட்டி மாற்றியிருக்கிறேன், மேசை அதே மேசை. மின்ட் ஏற்றி முடித்து, நாற்காலியை அவருக்கு விட்டுத் தள்ளி நின்றேன். திரையின் நிறம் வேறு, எழுத்து வேறு. அவர் மூக்குக்கண்ணாடியை இன்னும் எடுத்துப் போடவில்லை. கை மவுசை இடது கீழ்மூலைக்குத் தள்ளி அமுக்கியது. பட்டியல் திறந்த பிறகுதான் கண்ணாடியைத் தேடினார்.

“என் சீட்டுக்கட்டு எங்க, மேன்?”

அது மட்டும் இல்லை. இறக்கி ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும் ஆன்ட்டி என்றேன்.

“அப்போ டீ போடறேன்” என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.